தள்ளு என்று சொன்ன மெயில்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற ஒரு கம்பெனியில், மெயில் பெட்டியைத் திறந்து குப்பை அள்ளுவது என் உத்தியோகம். சம்பளச் சீட்டில் ‘ஆபீஸ் அசிஸ்டெண்ட்’ என்று கௌரவமாகத்தான் போட்டிருக்கும். அதை நம்ப வேண்டாம். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பத்தேகாலுக்குள் நூறு நூற்றிருபது மெயிலைப் பார்த்துவிடுவேன். அதில் கம்பெனிக்கு ஆகிறது ஆறோ ஏழோ. மற்றதெல்லாம் லோன் வேண்டுமா, வழுக்கைக்கு மருந்து வேண்டுமா, சீனாவிலிருந்து கன்டெய்னர் கன்டெய்னராக வால்வு வேண்டுமா என்கிற விசாரிப்புகள்.

உங்களுக்கும் இந்த அவஸ்தை இல்லாமல் இருக்காது. என்றைக்கோ ஒரு கடையில் பில் போடும்போது மெயில் ஐடி கேட்டாள் என்று வாய் தவறிச் சொல்லியிருப்பீர்கள். அதோடு சரி, ஜென்மத்துக்கும் விடமாட்டான். நீங்கள் செருப்பு வாங்கினது ஒரு ஜோடி, அவன் அனுப்புகிற மெயில் ஆயிரம். அந்த ஒரே சாதி என்கிற உரிமையில்தான் உங்களிடம் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி மெயிலை முடித்ததும் என் சொந்த மெயிலைத் திறப்பேன். ஒரே ஒருத்தியிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிற என் தங்கை ரோஸி. அம்மா போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் அவள்தான். எங்களுக்குள் சண்டை. நாலு வருஷமாகிறது, அவளிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று முணுமுணுத்துவிட்டு டீ குடிக்கப் போவேன்.

தள்ளு, நிறுத்து

எங்கள் முதலாளி மனோகரன் சார் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஒரு காலத்தில் பெரிய பார்ட்டி ஒன்று அனுப்பிய ஆர்டர், ஸ்பேம் பெட்டியில் விழுந்துவிட்டது. மெஷின் தானாகவே குப்பை என்று முடிவு கட்டி ஒதுக்கிப் போடுகிற பெட்டி அது. நாங்கள் பார்க்கவில்லை, ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. அன்றைக்கே சார் ஒரு சட்டம் போட்டார். அவர் காதில் விழாமல் எந்த மெயிலும் குப்பைக்குப் போகக் கூடாது. காலையில் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்து உட்காருவார். நான் ஸ்பேம் பெட்டியைத் திறந்து, அனுப்பியவர் பேரையும் விஷயத்தையும் உரக்கப் படிக்க வேண்டும். வேண்டாததற்கு “தள்ளு” என்பார். சந்தேகம் வந்தால் “நிறுத்து” என்பார். ஆண்களுக்கான மருந்து மெயில் வந்தால் நான் “மருந்துக் கம்பெனி சார்” என்று மட்டும் படிப்பேன். எந்த மருந்து என்று அவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு நாள், தேசத்தின் தலைசிறந்த தொழிலதிபராக அவரைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் டில்லிக்கு வந்து விருது வாங்கிக்கொள்ளும்படியும் ஒரு மெயில். “நிறுத்து” என்றார். முழுசாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். அயராத உழைப்பு, தளராத நேர்மை என்று அவிழ்த்துவிட்டிருந்தான். இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு இருக்கிறேன், நான்கூட அப்படி ஒரு வார்த்தை அவரிடம் சொன்னதில்லை. “சார், இதே மெயில் பக்கத்து பெயின்ட் கம்பெனிக்கும் வந்திருக்கு. போட்டா எடுக்கறதுக்கே பணம் கட்டச் சொல்வானாம்” என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்:

“புரட்டுன்னு தெரியும்மா. இருந்தாலும் இன்னொரு தடவை படி.”

ஒண்டியாக இருக்கும் அம்மா

மனோகரன் சாருக்குக் கையும் காலும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு முகப்பேரில் வீட்டோடு இருக்கிறார். அவர் மகன் வந்து, கணக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒரகடத்தில் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கும் அங்கே நாற்காலி உண்டு என்றார்கள். பருத்திப்பட்டிலிருந்து தினம் அவ்வளவு தூரம் போய்வர என் இடுப்பு ஒத்துக்கொள்ளாது என்று நான்தான் மாட்டேன் என்றேன். இப்போது பழைய இடத்தில் பின்னால் மோல்டிங் ஷெட், முன்னால் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நான், ஐந்து காலி நாற்காலிகள், ஒரு காலண்டர். ஆனாலும் பழக்கம் விடவில்லை. காலையில் ஸ்பேம் பெட்டியைத் திறந்து உரக்கப் படிக்கிறேன். தள்ளு என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நிறுத்து என்று சொல்லத்தான் ஆளில்லை.

மோல்டிங் ஷெட் ஃபோர்மேன் தேவராஜ் அண்ணன் ஒரு நாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பட்டாபிராம்காரர், ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் கஞ்சிரா அடிப்பவர். “இன்னாம்மா, ஒண்டியா பேசிக்கினு கீறே?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அப்படியா என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து அந்தப் புகழ்பெற்ற அம்மாள் மெயில் வந்திருந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். எங்கோ ஒரு தேசத்தில் பணக்கார விதவை, புற்றுநோய், பிள்ளை குட்டி இல்லை, மருத்துவமனையில் தன்னந்தனியாகப் படுத்துக்கொண்டு சொத்தையெல்லாம் நம் பேருக்கு எழுதத் துடிக்கிறவள்.

சிரித்துக்கொண்டே படித்து “தள்ளு” என்று அழித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வந்து, “அந்தம்மா எப்பிடி கீது?” என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அந்த அம்மாளுக்காக விண்ணப்பம் வேறு வைத்திருக்கிறார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. “அண்ணே, அப்படி ஒரு பொம்பளையே கிடையாது. எவனோ தடிப்பய உட்கார்ந்து எழுதறான். அத்தனையும் பொய்” என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“எழுதறது ஆம்பளையோ பொம்பளையோ, ஒண்டியா கீறேன்னு எழுதிக்கீது பாரு, அது மட்டும் பொய்யா இருக்காதும்மா.”

பதினொரு வாழ்த்து

இந்த வருஷம் என் பிறந்தநாளுக்குப் பதினொரு வாழ்த்து வந்தது. எண்ணிப் பார்த்தேன். புடவைக்கடை ஒன்று, நகைக்கடை இரண்டு, இன்ஷூரன்ஸ், பல் டாக்டர், என்றைக்கோ வேளாங்கண்ணி போக பஸ் டிக்கெட் எடுத்த கம்பெனி, இப்படியே போகிறது. எல்லாரும் ‘அன்புள்ள பிலோமினா’ என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள். பஸ் கம்பெனிக்காரன் ஒரு படி மேலே போய், ‘உங்களைக் காணாமல் ஏங்குகிறோம்’ என்று எழுதியிருந்தான். வேறு எவனுக்கும் அந்த ஏக்கம் இல்லையே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த பஸ் கம்பெனிக்கே ‘மிக்க நன்றி’ என்று பதில் போட்டேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. இந்த முகவரிக்கு வருகிற மெயில்களை யாரும் படிப்பதில்லையாம்.

ரத்தப் பரிசோதனை லேப்காரன், பிறந்தநாள் சலுகையில் தலை முதல் கால் வரை சோதித்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தான். அன்றைக்குச் சனிக்கிழமை, அரை நாள் லீவு. கேக் வெட்டக் கூப்பிட ஆளில்லாதவள் ரத்தமாவது கொடுப்போமே என்று ஆவடி பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்த அந்த லேபுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் நல்ல பெண்தான். பேர், வயசு எல்லாம் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்து, “கூட யார் வந்திருக்காங்க?” என்றாள். யாரும் வரவில்லை என்றேன். “வீட்டுல யாராவது?” யாரும் இல்லை என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“சும்மா யாராவது ஒருத்தர் பேரும் நம்பரும் சொல்லுங்க மேடம், இல்லைன்னா இந்த கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகமாட்டேங்குது.”

மூன்று வரன்கள்

யார் பேரைச் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? ரோஸி, தங்கை. நம்பரும் மனப்பாடமாகத்தான் வந்தது. வாய்க்கு வேறு பேர் தெரியவில்லை. அந்தக் கோபத்தைத் திங்கட்கிழமை வந்த வரன் மெயில் மேல் காட்டினேன். அம்மா உயிரோடு இருந்தபோது என் பேரை ஒரு வரன் பார்க்கும் கம்பெனியில் பதிந்துவைத்தாள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு. இப்போது ஐம்பத்திரண்டு. அவன் விடாமல் வாராவாரம், ‘உங்களுக்குப் பொருத்தமான மூன்று வரன்கள்’ என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறான். பட்டாபிராமிலிருந்து என்னோடு லேடீஸ் கம்பார்ட்மென்டில் வந்துகொண்டிருந்த விஜயா, அவள் ரிடையராகிற வரைக்கும் என் வாராந்திர வரன்களைக் கேட்டுச் சிரிப்பாள். ஒரு நாள் அண்ணனூர் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவள் சொன்னது இன்னும் மறக்கவில்லை:

“அந்த மூணு பேருக்கும் உன் பேர் போயிருக்கும்ல பிலோ? அவங்களும் இதே மாதிரி தள்ளிவிட்டுட்டு எந்த ட்ரெயின்ல உட்கார்ந்திருக்காங்களோ.”

ரோஜாப்பூவுக்குக் கீழே

இப்போது நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். ஓசூரில் பம்ப்செட் கடை வைத்திருக்கிற கோவிந்தராஜ் எங்கள் பழைய வாடிக்கையாளர். தங்கமான மனுஷர். ஆனால் தினமும் காலை ஏழு மணிக்குக் கம்பெனி மெயிலுக்கு ஒரு ரோஜாப்பூ படம் அனுப்புவார். பனித்துளியோடு. அதன் மேல் ‘குட் மார்னிங்’, கீழே ஒரு நல்வாக்கு. நம் போன்றவர்களுக்கு இந்த இனத்தை நன்றாகத் தெரியும். திட்டவும் முடியாது, வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு நாள் பல்வலியோடு வேலைக்கு வந்தேன். ரோஜா சிரித்தது. எரிச்சலில் ‘ஸ்பேம்’ பொத்தானை அமுக்கிவிட்டேன். அன்றிலிருந்து அவர் ரோஜாக்கள் எல்லாம் நேராகக் குப்பைக்குப் போயின. நிம்மதி. காலையில் படிக்கும்போது, “ஓசூர் கோவிந்தராஜ், குட் மார்னிங், தள்ளு” என்று சொல்லி அழித்துக்கொண்டே வந்தேன்.

போன வாரம் அவர் போன் செய்து காய்ச்சி எடுத்துவிட்டார். நாலாயிரம் வாஷருக்கு விலை கேட்டு மூன்று தடவை எழுதினாராம், கம்பெனி மூடிவிட்டீர்களா என்கிறார். சத்தியமாக எதுவும் வரவில்லை சார் என்றேன். பேச்சோடு பேச்சாக ஸ்பேம் பெட்டியைத் திறந்து, அன்றைக்கு வந்த ரோஜாவைக் கீழே இறக்கிப் பார்த்தேன். அந்த மனுஷருக்குப் புது மெயில் எழுதத் தெரியாது. பழைய குட் மார்னிங்குக்கே பதில் போட்டு, ரோஜாப்பூவுக்கு அடியில், வாஷரின் அளவு, கனம், எண்ணிக்கை எல்லாவற்றையும் மணி மணியாக எழுதியிருந்தார். இருபத்தாறு வருஷம் குப்பை பார்த்தவள் நான், பேரைப் பார்த்தேனே தவிர உள்ளே பார்க்கவில்லை. தப்பு என் மேல்தான் சார் என்றேன். அவர் கோபம் இறங்கி, வருத்தமாகக் கேட்டார்:

“ரோஜாப்பூ அனுப்புறவன் ஆர்டர் அனுப்ப மாட்டான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?”

கோபம் போனாலும்

மறுநாள், மாதம் ஒரு தடவை கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிற சர்வீஸ்காரர் இக்பால் வந்தார். நான் விடுவேனா, பிடித்துக்கொண்டேன். என்ன மெஷின் வைத்திருக்கிறீர்கள், ஆர்டர் போட்ட மனுஷரை ஆறு மாதமாகக் குப்பையில் போடுகிறது, அதற்கு மூளை வேண்டாமா என்று பொரிந்தேன். ஒரே ஒரு நாள் பல்வலியில் அமுக்கியதற்கு இத்தனை நாள் தண்டனையா? அவர் கோவிந்தராஜ் பேரை ஸ்பேமிலிருந்து எடுத்துவிட்டார். தன் டூல்ஸ் டப்பாவை மூடிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

“மெஷின் மேல ஏன் மேடம் பழி போடறீங்க? ஒரு தடவை நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க, அது பிடிச்சுக்கிச்சு. உங்களுக்குக் கோபம் போயிருக்கும், அதுக்குப் போகாது.”

தேவராஜ் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை

சாயங்காலம் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஆவடி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். இக்பால் சொன்னது காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கோபம் போயிருக்கும், அதுக்குப் போகாது. இவர் என்ன பெரிய ஞானி என்று நினைத்தேன். அடுத்த நொடி எனக்கு ரோஸியின் ஞாபகம் வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது ரோஸி வரவில்லை. விசா மாற்றுகிற சமயம், வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றாள். அம்மாவின் அடக்கத்தை ஒரு சொந்தக்காரப் பையன் போனில் காட்ட, அவள் அங்கிருந்து பார்த்தாள். எட்டாம் நாள் பூசை முடிந்து வந்து, ஆத்திரத்தில் ஒரு மெயில் எழுதினேன். ஊர்க் கிழவிகளுக்கெல்லாம் ஊசி போடுகிறாய், பெத்தவளுக்கு ஒரு பிடி மண் போட வரவில்லை என்று. எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன். மறுநாளே அவளிடமிருந்து நீளமாக ஒரு பதில். ‘அக்கா, என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்’ என்ற முதல் வரிக்கு மேல் நான் படிக்கவில்லை. போனில் அவள் நம்பரைத் தடை செய்தேன். மெயிலில் எப்படித் தடை செய்வது என்று தெரியாது. எனக்குத் தெரிந்த பொத்தான் ஒன்றுதான். அதை அமுக்கினேன்.

ஒரு வருஷம் கழித்து மனசு இளகி, போன் தடையை எடுத்துவிட்டேன். நானாகக் கூப்பிடவில்லை, வீம்பு. அவளாகக் கூப்பிடட்டும், அவளாக எழுதட்டும் என்று தினமும் மெயிலைத் திறந்து பார்த்தேன். பொத்தான் அமுக்கினது சுத்தமாக மறந்துபோயிற்று. கம்பெனியின் ஸ்பேம் பெட்டியைத் தினம் தினம் வரி விடாமல் படித்தவள், என் சொந்த ஸ்பேம் பெட்டியை ஒரு நாளும் திறக்கவில்லை. எனக்கு யார் ஆர்டர் போடப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

வண்டி வந்தது. ஏறவில்லை. திரும்பி நடந்தேன். போனிலேயே பார்க்கலாம் என்பீர்கள், அதில் எனக்கு மெயில் பார்க்கத் தெரியாது, எழுத்தும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கேட்டருகே தேவராஜ் அண்ணன் ஆபீஸ் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னாம்மா, எதுனா மறந்துட்டியா?” என்றார். ஆமாம் என்றேன். திறந்துவிட்டு வாசலிலேயே நின்றார். உட்கார்ந்து என் மெயிலின் ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். பயத்தில் கண் நிலைகொள்ளவில்லை. பழக்கம் கைகொடுத்தது. மேலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். லோன், தள்ளு. லாட்டரி, தள்ளு. இளமையாக இருக்க வழி, தள்ளு. இரண்டாவது பக்கத்தில், மூட்டு வலித் தைலத்துக்கும் வெளிநாட்டு வேலைக்கும் நடுவில், ரோசலின் என்று ரோஸியின் முழுப் பேர் இருந்தது. விஷயம் என்கிற இடத்தில் ‘அக்கா’ என்று மட்டும் இருந்தது. பேரைப் படித்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. கை மவுஸின் மேலேயே இருந்தது. வாசலிலிருந்து அண்ணன் மெதுவாகச் சொன்னார்:

“நிறுத்து.”

அன்புள்ள ரோஸி

அது என் பிறந்தநாளன்று காலையில் வந்த மெயில். இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. நான் அன்றைக்குப் பதினொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேனே, பன்னிரண்டாவது இங்கே கிடந்திருக்கிறது. ‘அக்கா, ஹேப்பி பர்த்டே. வழக்கம்போல நீ பதில் போட மாட்டே, பரவாயில்லை. மாசாமாசம் எழுதிட்டிருந்தேன், போன வருஷத்தோட நிறுத்திட்டேன். பிறந்தநாளுக்கு மட்டும் எழுதாம இருக்க முடியலை. இங்கே ஒரே மழை. இன்னைக்கு வட்டலப்பம் செஞ்சேன், அம்மா செய்யற மாதிரி வரலை. ரோஸி’ என்று எழுதியிருந்தாள். உடனே இக்பாலுக்குப் போன் போட்டேன். மாசாமாசம் வந்ததெல்லாம் எங்கே, எடுத்துக் கொடுங்கள், எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்றேன். ஸ்பேம் பெட்டியில் முப்பது நாள்தான் இருக்கும் மேடம், அப்புறம் அதுவே அழித்துவிடும், யாராலும் எடுக்க முடியாது என்றார். அண்ணன் இருந்ததையும் பார்க்காமல் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். நாலு வருஷம் ஒருத்தி பேசியிருக்கிறாள், என் காதில் ஒரு வார்த்தை விழவில்லை.

அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினேன். ‘அன்புள்ள ரோஸி, என்னை மன்னித்துவிடு. உன்னோடு அவசரமாகப் பேச வேண்டும். உன் போன் நம்பர் அதேதானா என்று தெரியவில்லை, தயவுசெய்து உடனே அனுப்பி வை. இத்துடன் ஒரு படம் இணைத்திருக்கிறேன், திறந்து பார்.’ அம்மா நடுவில் இருக்க நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நிற்கிற படம். அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். வியாழன் பதில் இல்லை. வெள்ளி இல்லை. சனிக்கிழமை மூன்று தடவை ஆபீஸ் மெயிலை விட்டுவிட்டு என் மெயிலைப் பார்த்தேன், ஸ்பேம் பெட்டி உட்பட. அவள் மனசு விட்டுப்போயிற்று, நமக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஏரிப்பக்க ஜன்னலருகே உட்கார்ந்தேன். லேபில் சொன்ன அதே நம்பர். வீம்பை விழுங்கிக்கொண்டு அழுத்தினேன். இங்கே மதியம் இரண்டரை, அங்கே காலை. நாலாவது ரிங்கில் எடுத்தாள். “நான்தான்” என்றேன். “எந்த நான்தான்?” என்றாள். “பிலோ” என்றேன். பேங்க்காரர்கள் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டாள். “அம்மா கோபம் வந்தா என்னை என்னன்னு கூப்பிடுவாங்க, சொல்லு.” “வந்துட்டா மதர் சுப்பீரியர்னுவாங்க” என்றேன். அவ்வளவுதான், ஓவென்று அழுதாள். நானும்தான். நாலு வருஷமாக என்னவெல்லாம் எழுதினாய் என்று கேட்டேன். “என்னத்தை எழுதியிருப்பேன், சமைச்சது, தூங்கினது” என்றாள். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். புதன்கிழமை நான் அனுப்பின மெயிலாவது வந்ததா என்றேன். வந்ததாம். வந்த அன்றைக்கே பார்த்தாளாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

“அவசரம்னு போட்டு, நம்பர் கேட்டு, படத்தைத் திறன்னு வேற சொன்னே. அதெல்லாம்கூடப் பரவாயில்லைக்கா, நீ மன்னிப்பு கேட்டிருந்தே பாரு, அப்பவே இது யாரோ ஃப்ராடுன்னு தெரிஞ்சு அழிச்சுட்டேன்.”

ஆக, இருபத்தாறு வருஷமாகக் குப்பை பிரித்துச் சம்பளம் வாங்குகிற நான், ‘அன்புள்ள பிலோமினா’ என்று எழுதின கடைக்காரர்களை எல்லாம் உள்ளே உட்காரவைத்துவிட்டு, ‘அக்கா’ என்று எழுதினவளைத்தான் நாலு வருஷம் வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.